கிழக்கறைக்கு ஒரு சீலிங்

சேசு மரி சூசை துணை

ஓசூர்,
20-3-1955, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் பவுலினாவுக்கு அப்பா ஆரோக்கியநாதன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். வலது முழங்கால் மட்டும் இம்மாதம் 2ஆம் தேதி முதல் மடக்கும்போது வலிக்கிறது. உன் சுகத்தையும் மாப்பிள்ளை பாக்கியராஜின் சுகத்தையும் தெரிவிக்கவும்.

மாப்பிள்ளை 14ஆம் தேதியிட்டு எழுதிய கார்டு 17ஆம் தேதி வியாழக்கிழமை பகல் தபாலில் கிடைத்தது. அன்று மாலையே கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் குறிப்பிட்டிருக்கும் நாள்களை வைத்துக் கணக்கிட்டால் அக்டோபர் நான்காம் வாரத்தில், அநேகமாக 25ஆம் தேதியை ஒட்டிப் பிரசவம் ஆகவேண்டும். முதல் பிரசவம் பிறந்த வீட்டில் நடப்பதே முறை. தாய் இல்லாவிட்டாலும் தகப்பன் இருக்கிறேன். ஏழாம் மாதத்தில் வந்து அழைத்துக்கொள்வேன்.

அதற்குள் கிழக்கறைக்குச் சீலிங் போட்டுவிட எண்ணியிருக்கிறேன். நம் வீட்டு ஓட்டுக்கூரையின் குணம் உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஓட்டின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். வெயில் காலத்தில் சட்டத்திலிருந்து பூச்சியரித்த தூள் உதிரும். அதன் கீழே பச்சைக்குழந்தையைக் கிடத்த முடியாது. ஆனால் எதைக் கொண்டு சீலிங் போடுவது என்பது யோசித்துச் செய்யவேண்டிய காரியம். காடாத் துணி, மூங்கில் பாய், தேக்குப் பலகை, கரும்புச்சக்கை அட்டை, ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்று ஐந்து வகை இருக்கின்றன. இந்த ஊர் ஈரத்தை எது எவ்வளவு குடிக்கிறது என்று அறியாமல் ஆணி அடிப்பது மராமத்து இலாகாவில் முப்பத்தோராண்டு ஓவர்சியராக இருந்த எனக்கு அழகல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு சதுர அடித் துண்டு வாங்கி அந்த அறையின் ஓட்டுக்கடியில் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து நிறுத்துப் பார்க்கப் போகிறேன். 1947ஆம் ஆண்டு எடுத்த குறிப்பு நோட்டும் கைவசம் இருக்கிறது. அது முழுமையானதல்ல.

எப்போது அழைக்க வரலாம் என்பதற்குப் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் அப்பா,
ம. ஆரோக்கியநாதன்.

*

சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்,
9-4-1955.

அன்புள்ள அப்பாவுக்கு மகள் பவுலினா தோத்திரம் சொல்லி எழுதியது. நாங்கள் இருவரும் மாமியாரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டாம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காலையில் தலை தூக்க முடியவில்லை. மாமியார் என்னை அடுப்படிக்கே விடுவதில்லை. "நீ உக்காந்து எனக்கு அதிகாரம் பண்ணு, அது போதும்" என்கிறார்கள்.

சீலிங் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் விருப்பம். கிழக்கறைதான் வேண்டுமா? வடக்கறையும் இருக்கிறதே. அம்மா படுத்திருந்த கட்டில் இன்னும் கிழக்கறையிலேயே இருக்கிறதா?

சாந்தம்மா அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பவுலினா.

*

சேசு மரி சூசை துணை

ஓசூர்,
17-4-1955, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் பவுலினாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நான் சுகம். நொச்சி ஒத்தடம் நாலு நாள் கொடுத்தேன், பாதி குணம். நீ வேளைக்குச் சாப்பிடவும்.

உன் கடிதத்தில் 9ஆம் தேதி என்றிருக்கிறது. தபால் முத்திரையில் 11 என்றிருக்கிறது. எழுதிய கடிதத்தை இரண்டு நாள் வீட்டில் வைத்திருக்கலாகாது. நான் கேட்ட கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

வடக்கறை உதவாது. அதில் காலை வெயில் விழாது; என் இலாகாப் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. நீ பிறந்ததே கிழக்கறையில்தான், 3-2-1933 வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. கட்டில் அங்கேயே இருக்கிறது. கயிறு மாற்றியாயிற்று.

ஐந்து துண்டுகளும் சேர்ந்துவிட்டன. ஆஸ்பெஸ்டாஸ் தகடு வாங்க நானே பெங்களூர் போய்வந்தேன். திரும்பும்போது எல்லையிலுள்ள ஜூஜுவாடிச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்த ஜவான் என் மடியிலிருந்த தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனு அஜ்ஜா இது? இந்த ஒரு அடித் தகட்டை வெச்சுக்கினு என்னாத்த மூடப்போறே? கோழிக்கூட்டுக்கே காணாதே" என்றான். பஸ்ஸே சிரித்தது. சோதனை என்றால் என்னவென்று அறியாதவர்கள்.

தச்சன் சென்றாயன் துண்டுகளைத் தொங்கவிட வந்தவன் அவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஓசியரய்யா, இதே ஆணியிலதான அப்பவும் மாட்டினோம்?" என்று கேட்டான். அதே ஆணிகள்தாம். ஞாபகசக்தி உள்ளவன்.

இன்று காலை எடை வருமாறு: துணி ஐந்து தோலா, பாய் பத்து, அட்டை இருபத்தேழு, பலகை அறுபத்தாறு, தகடு அறுபத்தெட்டு. இவை வறண்ட எடை. சாந்தம்மாவின் கடைத் தராசைத்தான் இரவல் வாங்குகிறேன். இனி மழைதான் பேசவேண்டும்.

அழைக்க வரும் தேதிக்குப் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
அப்பா,
ம. ஆரோக்கியநாதன்.

*

சாம்பியன் ரீஃப்,
5-6-1955.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் பாக்கியராஜ் வணக்கத்துடன் எழுதியது. நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலனைத் தெரிவிக்கக் கோருகிறேன்.

பவுலினா எழுதவில்லையே என்று தாங்கள் வருந்தியிருக்கக் கூடும். இரண்டு ஞாயிறாகக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதியபின் எழுந்து போய்விடுகிறாள். என்னவென்று கேட்டால், "தலை வலிக்குது" என்கிறாள்.

இங்கே கம்பெனி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நன்றாக இருக்கிறது. டைம் ஆபீஸ் குமாஸ்தா என்ற முறையில் எனக்கு இடம் தருவார்கள். பஸ்ஸும் ரயிலுமாக ஏழாம் மாதத்தில் அலைய வேண்டுமா என்று அம்மா யோசிக்கிறார்கள். இது எங்கள் யோசனைதான், முடிவு தங்களுடையது.

சீலிங் பற்றி: இங்கே துரைமார் பங்களாக்களில் எண்ணெய் ஏற்றிய தேக்குப் பலகைதான் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷமாக நிற்கிறதாம். தங்களுக்குப் பயன்படுமோ என்று எழுதினேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பாக்கியராஜ்.

*

சேசு மரி சூசை துணை

ஓசூர்,
3-7-1955, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பாக்கியராஜ் அவர்களுக்கு ஆரோக்கியநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதியது. நான் சுகம். தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

தங்கள் 5-6-55 தேதிய கடிதம் 8ஆம் தேதி கிடைத்தது. பதிலை இருபத்தைந்து நாள் தாமதித்ததற்குக் காரணம், ஜூன் மாத மழையின் எடைகளைச் சேர்த்து எழுதலாம் என்று எண்ணியதே. துணி ஐந்திலிருந்து ஏழு தோலா; கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. பாய் பத்திலிருந்து பதின்மூன்று. ஒரு மூலையில் பூச்சி. அட்டை இருபத்தேழிலிருந்து முப்பத்துநாலு, நடுவில் தொய்ந்துவிட்டது. இம்மூன்றையும் தள்ளலாம். மீதி இரண்டில் பலகை எழுபத்தொன்று, தகடு எழுபது. தகடு ஈரம் அதிகம் குடிப்பதில்லை. ஆனால் அதன் அடிப்பக்கமே வியர்க்கிறது. பலகை குடிக்கிறது, ஆனால் சொட்டுவதில்லை. பங்களாக்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். துரைமார் ஊர் ஈரம் வேறு, ஓசூர் ஈரம் வேறு. ஐப்பசி மழையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னும் ஒரு மழை பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மருத்துவச்சி நஞ்சம்மாவுக்கு முன்னதாகவே சொல்லி வைத்துவிட்டேன். அவள் அறையை வந்து பார்த்து, தொங்கும் துண்டுகளை அண்ணாந்து பார்த்து, "ஏன் ஓசியரே, நீ எடை போட்டு முடிக்கறதுக்குள்ள பவுலினா பெத்த புள்ள பள்ளிக்கூடம் போயிடும் போல" என்றாள். வாய்த்துடுக்கு உள்ளவள், ஆயினும் கைராசிக்காரி.

ஆஸ்பத்திரி யோசனை பற்றி: என் மகளின் முதல் பிரசவம் அந்நிய இடத்தில் நடந்தால் பங்குக் கோயிலில் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? மோட்ச ராக்கினி மாதா திருநாள் ஆகஸ்ட் 15 திங்கட்கிழமை. மறுநாள் ஆகஸ்ட் 16 செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு, பௌரிங்பேட்டை வழியாக அன்று மாலைக்குள் வந்து சேர்வேன். பவுலினாவை ஆயத்தமாக இருக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமன்,
ம. ஆரோக்கியநாதன்.

*

சாம்பியன் ரீஃப்,
24-7-1955.

அன்புள்ள அப்பாவுக்கு மகள் பவுலினா எழுதியது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஆகஸ்ட் 16ஆம் தேதி நீங்கள் வரவேண்டாம். நான் வரவில்லை.

பஸ்ஸும் ரயிலும் காரணம் அல்ல. அவர் பாவம், உங்கள் மனம் நோகக்கூடாதென்று அப்படி எழுதினார். அவருக்கும் நான் அதுவரை காரணத்தைச் சொன்னதில்லை. நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தில் "இன்னும் ஒரு மழை பார்க்கலாம்" என்ற வரியைப் படித்த பிறகுதான் சொன்னேன்.

1947இல் மிஷன் டாக்டரம்மா அம்மாவின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த இரைப்போடு திறந்த ஓட்டுக்குக் கீழே படுக்கக்கூடாது, ஈரமும் தூளும் ஆகாது, எதையாவது உடனே மேலே கட்டுங்கள் என்றார்கள். நீங்கள் சரி என்றீர்கள். மறுநாள் ஐந்து துண்டுகள் வாங்கி வந்தீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் முக்காலியில் ஏறித் துண்டுகளை இறக்கியது நான். தராசைப் பிடித்ததும் நான். எனக்குப் பதினான்கு வயது. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி இரைத்துக்கொண்டே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏங்க, எதையாச்சும் ஒண்ணக் கட்டுங்க. வெறும் துணியாச்சும் போதும்" என்பாள். "அவசரப்படாதே சவரி. இன்னும் ஒரு மழை பார்க்கலாம்" என்பீர்கள். அதட்டிச் சொல்லமாட்டீர்கள். அன்பாகத்தான் சொல்வீர்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, நீங்கள் பூசைக்குப் போயிருந்தபோது, அம்மா பெட்டியிலிருந்து தன் கலியாணப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். கட்டிலுக்கு மேலே நாலு சட்டத்திலும் இழுத்துக் கட்டினேன். அம்மா மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டு, "மழைத்தண்ணி மூஞ்சில விழாம இருந்தா எவ்ளோ சொகமா இருக்குது பாரு" என்றாள். நீங்கள் வந்தீர்கள். துணி கட்டினால் மேலே காற்று நின்றுவிடும், எடை தப்பாகிவிடும் என்றீர்கள். நீங்களே அவிழ்த்தீர்கள். கசங்காமல் நான்காக மடித்து அம்மா கையில் கொடுத்தீர்கள். அன்று தகடு எத்தனை தோலா என்று நான்தான் படித்துச் சொன்னேன்.

உங்கள் நோட்டு முழுமையானதல்ல என்று எழுதியிருந்தீர்கள். நவம்பர் 23 ஞாயிற்றுக்கிழமையோடு அது நிற்கிறது. செவ்வாய்க்கிழமை அம்மா செத்துப்போனாள். நோட்டில் அது இல்லை.

எங்கள் லைன் வீட்டுக்குத் தகரக்கூரை. மழை பெய்தால் அதுவும் சொட்டும். போன வாரம், "அத்தை, கட்டிலுக்கு மேலே ஈரம் விழுது" என்று ஒரு தடவைதான் சொன்னேன். உலை கொதிக்கிறதற்குள் மாமியார் தன் சேலை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதில் கறுப்புப் புள்ளி விழத்தான் விழும். விழுந்தால் துவைத்துக் கட்டுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவுலினா.

*

சேசு மரி சூசை துணை

ஓசூர்,
31-7-1955, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் பவுலினாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நான் சுகம்.

உன் கடிதம் 27ஆம் தேதி கிடைத்தது. அதில் ஒரு பிழை இருக்கிறது. புடவை கட்டியது அக்டோபர் கடைசி ஞாயிறு என்று எழுதியிருக்கிறாய். கடைசி ஞாயிறு 26ஆம் தேதி. அன்று நான் தர்மபுரி முகாமில் இருந்தேன், எடையே எடுக்கவில்லை. நீ சொல்லும் சம்பவம் 19ஆம் தேதி நடந்தது. நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். தகடு எழுபத்தொரு தோலா.

மற்றபடி நீ எழுதியதில் பிழை ஒன்றும் காணவில்லை.

ஆகஸ்ட் 16ஆம் தேதி பஸ்ஸுக்குச் சொல்லி வைத்திருந்ததை நிறுத்திவிட்டேன். நஞ்சம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடவும்.

அப்பா.

*

சேசு மரி சூசை துணை

ஓசூர்,
9-10-1955, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் பவுலினாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. ஜூலை 31, ஆகஸ்ட் 21, செப்டம்பர் 11 ஆகிய தேதிகளில் நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. மாப்பிள்ளையின் கார்டு ஒன்று செப்டம்பர் 20ஆம் தேதி வந்தது. நீ சுகம் என்று அறிந்தேன்.

செப்டம்பர் 4ஆம் தேதியோடு எடை போடுவதை நிறுத்திவிட்டேன். ஐந்து துண்டுகளையும் இறக்கி, ஆணிகளையும் பிடுங்கச் சொன்னேன். ஐப்பசி மழை வர இன்னும் ஆறு வாரம் இருந்தது. சோதனை முடியவில்லை. முடியாமலே தீர்மானித்தேன்.

தேக்குப் பலகைதான். மாப்பிள்ளை எழுதியபடியே இரண்டு பக்கமும் எண்ணெய் ஏற்றி, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் காடிக்குள் பொருந்தும்படி இழைத்து, காற்றுப் போகச் சுவரோரம் ஒரு அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறது. சென்றாயனும் இரண்டு ஆட்களும் அக்டோபர் 3 திங்களன்று தொடங்கி நேற்று சனிக்கிழமை முடித்தார்கள். கடைசிப் பலகையை ஏற்றிவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கிய சென்றாயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஆறு நாள் வேலைங்கய்யா இது. எட்டு வருசமா எடை போட்டுக்கினு இருந்தீங்களே" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

நேற்று மாலை ஒரு மணி நேரம் மழை பெய்தது. கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. ஓட்டின்மேல் பெய்யும் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. அப்படியே வெகுநேரம் படுத்திருந்தேன்.

இன்றிலிருந்து 25ஆம் தேதிக்குப் பதினாறு நாள் இருக்கிறது. வரச்சொல்லி எழுதவில்லை. அறை ஆயத்தமாக இருக்கிறது என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்பா,
ம. ஆரோக்கியநாதன்.

*

ஓசூரிலுள்ள அப்பாவுக்கு,

பெண்குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தையும் நானும் சுகம். ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. சவரியம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பவுலினா.

*

சேசு மரி சூசை துணை

ஓசூர்,
13-11-1955, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் பவுலினாவுக்கும் பேத்தி சவரியம்மாளுக்கும் ஆசீர்வாதம். உன் கடிதம் நவம்பர் 9ஆம் தேதி புதன்கிழமை கிடைத்தது. ஆண்டவருக்குத் தோத்திரம். சாந்தம்மா தெருமுழுதும் கற்கண்டு கொடுத்தாள். நஞ்சம்மா மட்டும், "எங் கையில வாங்கியிருக்க வேண்டிய புள்ள" என்று சொல்லிவிட்டுக் கற்கண்டை வாங்காமல் போனாள்.

பிறந்த தேதியை எழுத மறந்துவிட்டாய். உன் கடிதத்திலும் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்தேன். தபால்காரன் மழையில் நனைத்துக் கொண்டுவந்ததால் மை கரைந்து நீலமாகப் படர்ந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை. தபால் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த குமாஸ்தாவுக்கும் தெரியவில்லை. என் கணக்குப்படி 25 செவ்வாய்க்கிழமையாக இருக்கவேண்டும். கணக்கு வேறு, நடந்தது வேறு என்பதை அறிவேன்.

1947ஆம் வருஷத்து நோட்டை எடுத்தேன். நவம்பர் 23க்கு அடுத்த வரியில், "25-11-1947, செவ்வாய், காலை ஐந்தரை மணி. சவரியம்மாள்" என்று எழுதினேன். எட்டு வருஷத்துக்கு முன் எழுதியிருக்கவேண்டிய வரி. எடைக்கு உரிய கட்டங்களை வெறுமையாக விட்டேன். அதற்குக் கீழே பேத்தியின் பெயரை எழுதித் தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

ஜவாபு கார்டு ஒன்று விலாசம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உனக்குச் சிரமம் வேண்டாம். தேதியை மட்டும் எழுதிப் போட்டால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை. உன் அம்மாவின் கலியாணப் புடவை, நான் மடித்தபடியே பெட்டியில் இருந்தது. அதையும் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன்.

அப்பா.

*

(ஜவாபு கார்டு)

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டும் கார்டும் கிடைத்தன. புடவையைத் தொட்டிலுக்கு மேலே கட்டியிருக்கிறேன். குழந்தை சுகம்.

தேதிக்கு என்ன அவசரம். இன்னும் ஒரு மழை பார்க்கலாம்.

பவுலினா.